தொண்டு செய்ய வருகிறவரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேளுங்கள்

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் தொண்டுக்கு ஆள் பஞ்சமே வராது. மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை நீர்மோர், பானகம், அன்னதானம் என்று ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஊற்றிக் கொடுப்பார்கள். அதே ஊரில் ஒரு மருத்துவமனைத் தொண்டர் குழு ஜூன் மாதம் ஆள் சேர்த்தால், தீபாவளி வருவதற்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையே இல்லைங்க" என்று ஒருங்கிணைப்பாளர்கள் வருத்தப்படுகிறார்கள். மனநல ஆலோசகராகத் தொண்டர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்து வரும் நான் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பந்தலில் நிற்கிறவர் எதற்காக வந்தார்? நேர்த்திக்கடன் இருக்கலாம். அவருடைய அப்பா செய்த காரியமாக இருக்கலாம். கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அழகரையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தனக்கு வேண்டியது அங்கே கிடைப்பதால் அடுத்த வருடமும் வருகிறார். மோர் குடித்தவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துச் சமூக உளவியலாளர் மார்க் ஸ்னைடர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. அவரும் ஆலன் ஒமோட்டோவும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எல்லாப் பயிற்சியிலும் சொல்வேன். எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணையாக இருந்த 116 தொண்டர்களை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எய்ட்ஸ் என்றாலே ஊர் ஒதுங்கிய காலம் அது. அங்கே யார் நீடித்தார்கள்? பிறருக்கு உதவும் குணம் அதிகம் உள்ளவர்கள்தான் என்று நாம் நினைப்போம். ஆனால் அந்தக் குணத்தை வைத்து ஒருவர் எவ்வளவு காலம் நிற்பார் என்று சொல்ல முடியவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், தானும் வளர வேண்டும், தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் வர வேண்டும் என்று தனக்காகவும் வந்தவர்கள்தான் கூடுதல் காலம் நின்றார்கள்.

கில் கிளாரியும் ஸ்னைடரும் மற்றச் சில ஆய்வாளர்களும் சேர்ந்து 1998-இல் இந்தக் காரணங்களை ஆறு வகையாகப் பிரித்து, 30 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்த ஆறையும் நான் மதுரையில் கேட்ட பேச்சாகவே சொல்கிறேன். "கஷ்டப்படுறவங்களைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியலை" என்பவர் தன் கொள்கைக்காக வருகிறார். "ஆஸ்பத்திரி எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்பவருக்குக் கற்பது முக்கியம். "எங்க செட்டே வருது" என்பவருக்கு உறவும் நட்பும். "சர்டிபிகேட் வேணும் மேடம்" என்பவருக்கு வேலை. "என்னாலயும் நாலு பேருக்குப் பிரயோஜனம்னு தோணணும்" என்பவருக்குத் தன்மதிப்பு. ஆறாவதாக, மனத்தில் உள்ள வேதனையிலிருந்து கொஞ்சம் விலகி இருக்க வருகிறவர்கள். ஒருவருக்குள்ளேயே இரண்டு மூன்று காரணங்கள் கலந்திருப்பதுதான் வழக்கம். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று அந்த ஆய்வாளர்கள் வரிசை போடவில்லை, நாம்தான் போடுகிறோம். சான்றிதழ் கேட்ட பையனை ஒரு மாதிரிப் பார்க்கிறோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்றவர், மனைவி தவறிப்போய் ஒரு வருடம் கழித்துத் தொண்டுக்கு வந்தார். கணக்கு வழக்குத் தெரிந்தவர் என்று அவரை ஒரு தனி அறையில் பதிவேடு எழுத உட்கார வைத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் சீக்கிரமே வருவது குறைந்துவிட்டது. என்ன வேண்டும் என்று கேட்டபோது, "வீட்ல தனியா உக்கார முடியலைன்னுதாம்மா இங்க வந்தேன். இங்கயும் தனியாத்தான் உக்கார வச்சிருக்காங்க" என்றார். புறநோயாளிப் பிரிவில் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டும் வேலைக்கு மாற்றினார்கள். பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களைக் கூட்டிப்போய் விடுவது, சீட்டு வாங்கிக் கொடுப்பது. அதற்கப்புறம் அவர் லீவு போட்டதில்லை.

கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நாம் கேட்பதில்லை, ஆளைப் பார்த்து ஊகிக்கிறோம். ஊகம் தப்பாக இருந்தாலும், அதையே உண்மையாக்கிவிடுவோம் என்பதுதான் இன்னும் கவலையான விஷயம். 1977-இல் ஸ்னைடர், எலிசபெத் டாங்கே, எல்லன் பெர்ஷீட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் தொலைபேசியில் பேச வேண்டும். 'நீங்கள் பேசப்போகும் பெண் இவர்தான்' என்று ஆணிடம் ஒரு புகைப்படம் தரப்படும், ஆனால் அது வேறு யாருடைய படமோ. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாத முகம். படம் காட்டப்பட்ட விஷயமே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பிறகு பெண்களின் குரலை மட்டும் வேறு சிலரைக் கேட்க வைத்தார்கள். அழகி என்று நம்பி ஆண்கள் பேசிய பெண்கள், உண்மையிலேயே கலகலப்பாகவும் நட்பாகவும் பேசியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். எதிர்பார்ப்பு மாறியதும் ஆண் பேசிய விதம் மாறியது, அதற்கேற்ற பதில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

இதைத் தொண்டர் குழுக்களில் அடிக்கடி பார்க்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி. வாய் திறக்க மாட்டாள். 'இந்தப் பொண்ணு சரிப்பட்டு வராது' என்று முடிவு கட்டி, நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவளிடம் பேசியதெல்லாம் 'இதை எடு, அதை வை' மட்டும்தான். அவளும் 'சரிங்க சார்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பார்த்தீர்களா என்றார்கள். அப்புறம் பொறுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். தான் அப்பத்தாவிடம் வளர்ந்ததாகவும், வயதானவர்களோடு இருக்கப் பிடிக்கும் என்றும் சொன்னாள். அடுத்த கண் பரிசோதனை முகாமில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு. "அப்பத்தா, இங்கிட்டு வாங்க, கண்ணாடியைக் கழட்டிக்கங்க" என்று முகாம் முழுக்க அவள் குரல்தான்.

கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். வட்டமாக உட்கார வைத்து எல்லார் முன்னாலும் கேட்டால், முதல் ஆள் 'சேவை செய்ய' என்பார், மற்றவர்களும் அதையே சொல்வார்கள். சபைக்கு ஏற்றபடி தம்மை மாற்றிக்கொள்வதில் மனிதர்கள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று பார்க்க, 1974-லேயே 25 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை ஸ்னைடர் உருவாக்கினார். கல்லூரிகளில் உள்ள நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) முழக்கமே 'நான் அல்ல, நீ' என்ற பொருள் தருவது. நல்ல முழக்கம்தான். ஆனால் அதன் கீழே நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் தேவையைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுமா? தனியாகக் கேளுங்கள், இல்லையென்றால் பெயர் எழுதாத தாளில் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், காரணம் மாறியிருக்கும்.

மனவேதனையோடு வருகிறவரிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இழப்பு புதிதாக இருக்கும்போது அவரைக் கடைசிக்கட்ட நோயாளிகளின் வார்டுக்கு அனுப்பாதீர்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் தொண்டு மட்டும் மருந்தாகாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், கட்டாயம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மணிக்கணக்கு இருப்பது தப்பில்லை. ஆனால் ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி 1999-இல் காட்டியது போல, தானாக வர மனமில்லாதவரை வற்புறுத்தினால், பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணம் அவருக்குக் குறைகிறது. அதனால் மணி நேரத்தை நிர்ணயித்தாலும் வேலையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டுவதா, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா, ரத்ததான முகாமில் பதிவு செய்வதா என்று மூன்றையாவது முன்னால் வையுங்கள். இந்த ஜூனில் சேர்க்கைப் படிவம் அச்சடிக்கும் முன், 'இதிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு நாலு வரி இடம் விடுங்கள். பணி ஒதுக்குகிறவர் அதைப் படித்துவிட்டு ஒதுக்கட்டும்.