பல்செட்டுக்கும் பேர் வெட்டலாம்

போன மாதம் களக்காட்டிலிருந்து ஓர் ஆச்சி முழுப் பல்செட் வைக்க வந்தார். “உள்ளே பேர் பதித்துத் தரட்டுமா ஆச்சி?” என்றேன். “நான் என்ன எவர்சில்வர் சொம்பா டாக்டரய்யா, பேர் வெட்டதுக்கு?” என்று சிரித்தார். கல்யாண வீட்டுக்கு இரவல் போகிற அண்டாவுக்குக்கூடப் பேர் வெட்டுகிற ஊர் இது. பல்செட்டுக்கு மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஆள் இறந்து முகம் அடையாளம் தெரியாமல் போனாலும், உடம்பில் கடைசி வரை நிற்பது பல்தான். எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. பக்கத்து ஆதிச்சநல்லூரின் பழங்கால முதுமக்கள் தாழிகளில்கூட மண்டையோட்டோடு பல் இருந்தது. தீயில் முன்பற்கள் சிதறினாலும், கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவே ஒளிந்திருக்கும் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். 1897-இல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உருத்தெரியாமல் கருகிய சிலரை அவர்களுடைய பல் மருத்துவர்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இன்றும் பேரிடர்களில் கைரேகை, டிஎன்ஏ இவற்றோடு பல்லையும் முதன்மை அடையாளமாக இண்டர்போல் வைத்திருக்கிறது.

பழைய பதிவு இருந்தால்தான் ஒப்பிட முடியும். அடைத்த சிமெண்டின் வடிவம், வேரின் வளைவு, பல்லிடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்ரேயில் இருக்கும் பல் உடலில் இல்லையா? பரவாயில்லை, இடையில் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியதாக எழுதியிருக்கும் கடைவாய்ப்பல் உடலில் இருக்கிறதா? அப்போது அது வேறு ஆள், அல்லது எழுதினவர் பல்லின் நம்பரைத் தப்பாகப் போட்டிருக்கிறார். இரண்டாவதும் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே பிலிமை உங்கள் கையில் கொடுத்தனுப்புகிறோம். அது பரணில் சுருண்டு கிடந்து, ஏதோ ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போகிறது. நானும் யோக்கியன் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்த என் பழைய கிளினிக்கின் நோட்டுகள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் கூழாகிவிட்டன. அப்புறம்தான் எக்ஸ்ரேயைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். கடலுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அதை அனுப்பி வையுங்கள்.

பல்செட் என்றால், சின்னச் சீட்டில் பேரை எழுதி, அண்ணத்தின் பின்பக்கம் பதித்து, நிறமில்லாத அக்ரிலிக்கால் மூடிவிடலாம். மெல்லிய எவர்சில்வர் தகடு என்றால் தீக்கும் தாங்கும். முதியோர் இல்லங்களில் ஒருத்தர் பல்செட்டை இன்னொருத்தர் மாட்டிக்கொள்ளும் கூத்தும் குறையும்.

ஆச்சி கடைசியில் சம்மதித்தார். “எம்பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும்? மவன் போன் நம்பரைப் போடுங்க.” போட்டிருக்கிறேன். மகன் சிம்மை மாற்றாமல் இருக்க வேண்டும்.