அட்மிட்டா, வீட்டுக்கா? மனநல எமர்ஜென்சில டாக்டர் எப்படி முடிவெடுக்கிறாங்க

வாசகி ஒருத்தர் கேட்டிருந்தாங்க: நெஞ்சுவலின்னு போனா ஈசிஜி எடுக்குறாங்க, தற்கொலை எண்ணத்தோட வர்றவங்களுக்கு அப்படி ஒரு டெஸ்ட் கிடையாதா, எதை வச்சு அட்மிட் பண்றாங்க?

போதை, சர்க்கரை குறைஞ்சது, தலைல அடின்னு உடம்புக் காரணம் ஏதும் இருக்கான்னு முதல்ல பார்த்துடுவாங்க. அதுக்கப்புறம், இவங்க தற்கொலை பண்ணிக்குவாங்களான்னு சொல்ற ஸ்கேனோ ரத்த டெஸ்ட்டோ எதுவும் இல்ல. கேள்வித்தாள் குடுத்து மார்க் போட்டு "ஹை ரிஸ்க், லோ ரிஸ்க்"னு பிரிக்கிற முறை ரொம்ப நாளா இருக்கு, ஆனா 50 வருஷ ஆராய்ச்சியை, மொத்தம் 365 ஆய்வுகளை, சேர்த்துப் பார்த்து 2017ல ஒரு அலசல் வந்துச்சு, அதுல இந்தக் கணிப்பெல்லாம் காசு சுண்டிப் பார்க்கிறதை விட கொஞ்சம்தான் மேலன்னு தெரிஞ்சுது.

ஏன் இப்படின்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. 1000 பேர் வர்றாங்க, அதுல 5 பேர் பின்னாடி உயிரை விடப் போறாங்கன்னு வச்சுக்குவோம். நம்ம டெஸ்ட் 80 சதவீதம் சரியா சொல்லும்னும் வச்சுக்குவோம். அந்த 5ல 4 பேரைப் பிடிச்சிடும், சூப்பர். ஆனா மிச்சம் 995 பேர்ல 20 சதவீதம், அதாவது 199 பேரையும் ஆபத்துன்னு தப்பா சொல்லிடும். ஆக சிவப்புக் குறி விழுந்தது 203 பேருக்கு, நிஜமா ஆபத்துல இருக்கிறது அதுல 4 பேர், அதாவது 100க்கு 2. இன்னும் கொடுமை, "பயமில்ல, வீட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பின 797 பேர்ல அந்த அஞ்சாவது ஆள் இருக்கார்! டெஸ்ட் மோசம்ங்கிறதால இல்ல, நடக்கிற விஷயம் அபூர்வம்ங்கிறதால வர்ற சிக்கல். சரி, 203 பேரையும் அட்மிட் பண்ணிடலாமேன்னா, பலவந்தமா படுக்க வச்சவங்க அடுத்த தடவை டாக்டர்கிட்ட உண்மையே சொல்ல மாட்டாங்க.

அதனால 2022ல பிரிட்டன்ல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் (NICE) அமைப்பு, இந்த மார்க்கை வச்சு யாருக்கு சிகிச்சை, யாரை அனுப்பலாம்னு முடிவு பண்ணாதீங்கன்னே சொல்லிடுச்சு. இப்போ நல்ல டாக்டர் ஜோசியம் பார்க்கிறதில்ல, இன்னைக்கு ராத்திரியைப் பத்திக் கேக்குறார். "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா, வீட்ல கூட யார் இருப்பாங்க?" நேரடியா கேட்டா எண்ணத்தைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு நம்ம ஊர்ல ஒரு பயம் இருக்கு, ஆய்வுகள்ல அப்படித் தெரியல, தயவுசெஞ்சு கேளுங்க.

அப்புறம் ரெண்டு பேருமா உக்காந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவாங்க, நோயாளியோட சொந்த வார்த்தையிலயே. "போனை ஆஃப் பண்ணிட்டு கதவை சாத்திக்கிட்டா எனக்கு ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்" மாதிரி அறிகுறி முதல்ல, அப்புறம் தானா என்ன செய்யலாம், யார்கிட்ட பேசலாம், எந்த ஆஸ்பத்திரி, கடைசியா ஆபத்தான பொருளை வீட்ல இருந்து யார் எடுத்து வைக்கப் போறாங்க. அமெரிக்காவுல முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல இதோட ஃபாலோ-அப் போன் காலும் சேர்த்துப் பார்த்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களோட ஒப்பிட்டா அடுத்த 6 மாசத்துல தற்கொலை முயற்சி மாதிரியான நடத்தை சுமார் 45 சதவீதம் கம்மி.

அட்மிஷனே வேண்டாம்னு இல்ல. ராத்திரி கூட இருக்க ஆளில்ல, திட்டம் போடக்கூட மனசு நிலையா இல்லன்னா சேர்த்துத்தான் ஆகணும். நம்ம 2017 மனநலச் சட்டத்துல, சம்மதிக்கிற நிலையில இல்லாதவங்களை ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ நிபுணரோ தனித்தனியா பார்த்துதான் சேர்க்க முடியும், அதுவும் முதல்ல 30 நாள் வரைக்கும்தான்.

என் கருத்தைக் கேட்டா, கணிக்கிற அல்காரிதத்துக்குக் கொட்டுற ஆராய்ச்சிப் பணத்துல ஒரு பங்கை மாவட்ட ஆஸ்பத்திரில போன் போட ஒரு நர்ஸை வைக்கிறதுக்குக் குடுக்கணும். மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நாளைக் கடத்துறவங்க, முதல்ல 14416க்கு ஒரு கால் போடுங்க, அரசோட மனநல உதவி போன் லைன் டெலிமானஸ், இலவசம், ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.