குமிழி வந்துவிட்டால் அது ஹைட்ரஜன் ஆகிவிடாது

வெயிலில் ஒரு கண்ணாடிப் புட்டி, அடியில் வெள்ளைத் தூள், உட்சுவரெங்கும் ஒட்டிய சிறு குமிழிகள். "தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்துவிட்டேன்" என்று இன்னுமொரு காணொளி வந்திருக்கிறது. அனுப்பியவர் துடிப்பான மாணவர். கடைசியில் எரியும் தீக்குச்சியைப் புட்டியின் வாயருகே கொண்டுபோகிறார். அதைப் பார்த்த பிறகும் பேசாமல் இருப்பது தவறு.

அந்தக் குமிழிகள் பெரும்பாலும் காற்று. சூடேறும் தண்ணீரிலிருந்து கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. தூளே போடாமல் வைத்தாலும் அது நடக்கும். தூள் டைட்டானியம் டை ஆக்சைடு. 1972-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டிய அதே பொருள்தான். ஆனால் அது ஏற்பது புற ஊதா ஒளியை. வெயிலில் அதன் பங்கு சுமார் 5 சதவீதம்.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது வேறொன்று: "தண்ணீர்தான் இனி எரிபொருள், வினையூக்கி இருந்தால் போதும்" என்ற பேச்சு. தண்ணீர் எரிபொருள் அல்ல. ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன் அது, அடுப்பில் மிஞ்சிய சாம்பலைப் போல. 18 கிராம் நீரைப் பிரிக்க 286 கிலோஜூல் ஆற்றல் உள்ளே போக வேண்டும். கிடைத்த ஹைட்ரஜனை எரித்தால் திரும்பி வருவதும் அதே 286தான், ஒரு ஜூல்கூட அதிகமில்லை. அந்த ஆற்றலைத் தருவது ஒளி. வினையூக்கி பாதையை எளிதாக்கும், ஆற்றலைப் படைக்காது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் "தண்ணீரில் ஓடும் கார்" அடங்கவில்லை.

ஜப்பானில் ஆய்வாளர் டோமெனின் குழுவினர், ஒளியால் நீரைப் பிரிக்கும் 100 சதுர மீட்டர் பலகைகளை வெட்டவெளியில் இயக்கி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 0.76 சதவீதம் ஹைட்ரஜனாக மாறியது. பெரிய சாதனைதான். இன்னும் போகவேண்டிய தொலைவையும் அந்த எண்ணே காட்டுகிறது.

யாராவது ஹைட்ரஜன் பெரிய அளவில் வந்ததாகச் சொன்னால், "ஆக்சிஜன் எங்கே?" என்று கேளுங்கள். நீர் உண்மையில் பிரிந்தால் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் வந்தாக வேண்டும். மெத்தனால், டிரைஎத்தனாலமீன் போன்ற கரிமப் பொருளைத் தண்ணீரில் கலந்துவிட்டால் ஹைட்ரஜன் தாராளமாக வரும். ஆனால் அங்கே செலவாவது அந்த வேதிப்பொருள். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்த வேறுபாடு அடிக்கடி மங்கிவிடுகிறது.

ஒருவேளை வினை உண்மையாகவே நடந்துவிட்டால்தான் ஆபத்து. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே புட்டிக்குள் கலந்து நிற்கும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் தீப்பற்றும். கண்ணுக்கே தெரியாத சிறு மின்பொறி போதும். சுடரும் பகலில் சரியாகத் தெரியாது. மூடிய பாத்திரத்தில் செய்யாதீர்கள். வாயுவைப் பலூனில் சேர்க்காதீர்கள். தீக்குச்சி கூடவே கூடாது. கண்ணாடி வெடித்தால் முதலில் போவது கண். புற ஊதா விளக்கையும் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள்.

ஆர்வத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, தம்பி, தங்கைகளே. ஆசிரியர் ஒருவரின் துணையோடு, கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்தில் செய்யுங்கள். முதலில் இருட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; பிறகு தூள் இல்லாமல் ஒருமுறை. இரண்டிலும் ஹைட்ரஜன் வரக்கூடாது. அளவீட்டில் நைட்ரஜன் தலைகாட்டினால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. கசிவை அடைத்த பிறகு மறுபடி தொடங்குங்கள்.