ஒட்டுப் போட்ட இடம் நிற்கிறது, பக்கத்து இடம் விழுகிறது

ஒரு வாசகரின் கேள்வி இது: "1987-இல் கட்டிய வீடு. கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். மூன்று வருடத்துக்கு முன் படுக்கையறைக் கூரையில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. கொத்தனார் தட்டி எடுத்துவிட்டு நல்ல சிமென்ட் வைத்துப் பூசினார். அந்த ஒட்டு இன்றைக்கும் அசையவில்லை. ஆனால் அதைச் சுற்றி வட்டமாக விழ ஆரம்பித்திருக்கிறது. ஒட்டே போடாத அடுத்த அறையில் இவ்வளவு மோசமில்லை. எங்கே தப்பு?"

கொத்தனாரைத் திட்ட அவசரப்பட வேண்டாம். அவர் போட்ட ஒட்டு நன்றாக இருப்பதும், சுற்றியுள்ள இடம் விழுவதற்கு ஒரு காரணம். இது எப்படி என்பதுதான் கட்டிடப் பராமரிப்பில் மிக அழகான, மிகச் செலவு வைக்கிற விஷயம். அதற்கு வருவதற்கு முன், விழுவது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கூரையின் அடியில் கான்கிரீட்டுக்குக் கீழே அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு பூச்சு இருக்கும். சில வீடுகளில் அந்தப் பூச்சு மட்டும் கழன்று விழும். உள்ளே கான்கிரீட் முகம் சாம்பல் நிறத்தில் முழுசாக இருந்தால், துருக் கறை இல்லாவிட்டால், அது வெறும் பூச்சு வேலை. கம்பி துருத்தால் அடையாளம் வேறு. ஐந்தாறு அங்குல இடைவெளியில், கோடு போட்டாற்போல இணையான விரிசல்கள் ஓடும். கம்பி கட்டிய இடைவெளி அது. விரிசலோரம் காவி நிறம் கசியும். ஒரு சின்னச் சுத்தியலால் கூரை முழுக்க ஓர் அடிக்கு ஓர் அடி தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் 'ணங்' என்னும். உள்ளே பிரிந்த இடம் காலி டப்பாவைத் தட்டியதுபோல 'டொப்' என்னும். டொப் சத்தம் வரும் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து வையுங்கள். பார்வைக்குக் கெட்டுப்போன இடத்தைவிட அந்த எல்லை பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். தட்டும்போது தலைக்கு ஹெல்மெட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

குளியலறைக் கூரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் ஓரம், சன்ஷேடின் நுனி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளியலறை ஈசான்ய மூலையில் இருந்து அதன் கூரை விழுந்தால் வாஸ்து என்பார்கள். எந்த மூலையில் இருந்தாலும் அதுதான் முதலில் விழும். அங்கேதான் ஈரம். பூசணிக்காய் கட்டும் செலவில் மாடியில் தண்ணீர் ஒழுகும் குழாயை மாற்றிவிடலாம்.

சரி, கான்கிரீட்டுக்குள் கம்பி இத்தனை வருடம் துருக்காமல் இருந்தது எப்படி? காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் கான்கிரீட் தடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட் நுண்துளைகள் நிறைந்தது, ஆக்சிஜனும் ஈரமும் தாராளமாகப் போய்வரும். காப்பாற்றியது அதன் காரத்தன்மை. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு உண்டாகிறது. துளைகளில் தேங்கிய நீரின் பி.எச். அளவு 12.5-க்கு மேல் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்). அந்தக் காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு ஆக்சைடு படலம் உருவாகி இறுகிக்கொள்கிறது. அது இருக்கும்வரை துரு வளர்வது கண்டுகொள்ள முடியாத அளவுக்கு மெதுவாகும்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, வெறும் 0.04 சதவீதம்தான், துளை வழியே மெல்ல நுழைந்து அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். 9-க்கு அருகே இறங்கிவிடும். படலம் போய்விடும். இதே வினையைத்தான் செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் நம்பியிருக்கின்றன. சுண்ணாம்புக் காரை காற்றின் கரியமிலவாயுவை இழுத்துத்தான் ஆண்டுக்கு ஆண்டு கல்லாக இறுகுகிறது. அதற்குள் கம்பி இல்லாததால் அங்கே அது வரம். கான்கிரீட்டும்கூட இதனால் வலுவிழப்பதில்லை, கொஞ்சம் இறுகவே செய்யும். பாதுகாப்பை இழப்பது கம்பி மட்டும்.

இந்தக் காரமிழப்பு உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. எடுத்துக்காட்டாக, 10 மில்லிமீட்டர் போக 9 வருடம் ஆனால், 15 மில்லிமீட்டர் போக 20 வருடம், 20 மில்லிமீட்டர் போக 36 வருடம் ஆகும். கடைசி 5 மில்லிமீட்டர் மட்டும் 16 வருடம் வாங்கித் தருகிறது! கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் கனத்தைக் கொத்தனார்கள் 'கவர்' என்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு தளத்துக்குக் கேட்டது குறைந்தது 15 மில்லிமீட்டர். 2000-இல் திருத்தப்பட்ட விதி, சாதாரணச் சூழலுக்கே 20, கடலோரக் காற்று நேரடியாக அடிக்கும் இடத்துக்கு 45 கேட்கிறது. அந்தக் காலத்து வீடுகளில், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் கட்டைக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகினார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து ஜல்லி நழுவிய இடத்தில் கம்பி ஏறக்குறைய அடியில் அடித்த பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் விழுவது அந்த இடம்தான்.

உங்கள் தளத்தில் காரமிழப்பு எவ்வளவு ஆழம் வரை நடந்திருக்கிறது என்று பார்க்கப் பள்ளி ஆய்வகத்துப் பினாப்தலின் போதும். ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீதக் கரைசல். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, அந்த முகத்தில் தெளியுங்கள். காரம் மிச்சமுள்ள பகுதி பளீரென்று இளஞ்சிவப்பாகும். காரமிழந்த பகுதி நிறமே மாறாது. நிறமற்ற பட்டை கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. தண்ணீர் விட்டு அறுத்த முகத்தில் சோதித்தால் சிமென்ட் குழம்பு பரவித் தப்பாகக் காட்டும்.

தாண்டிவிட்டால் உடனே ஆபத்து என்றில்லை. கம்பி துருக்க ஈரம் வேண்டும். காரமிழந்தும் உலர்ந்தே இருக்கும் தளம் பல்லாண்டு நிற்கும். அதனால் மேலே மொட்டைமாடியில் தட்டோட்டு இடுக்குகளை அடைப்பதும், பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் பாதி வைத்தியம். ஈரம் கிடைத்துவிட்டால் துரு, தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும் கான்கிரீட், இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். உள்ளிருந்து நெம்பினால் பிளக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு எதிரி குளோரைடு. உப்புக் காற்றில் வரும், அல்லது கட்டும்போதே உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கும். கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. குளோரைடுக்குக் காரம் குறையும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. நல்ல காரத்திலும் படலத்தில் அங்கங்கே ஓட்டை போடும். போட்டபின் தீர்ந்துபோவதும் இல்லை. இரும்போடு சேர்ந்து, பிரிந்து, மீண்டும் அடுத்த இரும்புக்குப் போகும்.

இப்போது வாசகரின் வட்டத்துக்கு வருவோம்.

ஒரே கம்பியில் ஓரிடம் துருக்கிறது என்றால், அங்கே இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அது ஆனோடு. விட்ட எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடிப் பக்கத்து இடத்துக்குப் போய், அங்கே ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடாகின்றன. அது கேத்தோடு. கவனியுங்கள், கேத்தோடு தன் பக்கத்தில் காரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் வந்துகொண்டே இருப்பதால் அங்கே இரும்பு கரையவும் முடியாது. இன்னும் ஒன்று: எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகள் ஈரத்தின் ஊடே ஆனோடை நோக்கி நகர்கின்றன. அதாவது பக்கத்து இடத்தின் உப்பும் அங்கிருந்து இழுக்கப்படுகிறது. துருத்த அந்தக் கையகல இடம் தான் கரைந்து, சுற்றியுள்ள கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றிலும் உப்பு இருந்தும் துரு இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கொத்தனார் அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுச் சிமென்ட் வைத்தார். அங்கே காரம் திரும்பியது, படலம் திரும்பியது, கம்பி துருப்பதை நிறுத்தியது. ஆனோடு இருந்த இடம் இப்போது முதல்தரக் கேத்தோடு. பக்கத்தில் பழைய உப்புக் கான்கிரீட்டில் இருந்த கம்பிக்குக் காவல் போய்விட்டது. ஏற்கெனவே உப்பு ஊறிய இடம், ஆகவே புது ஆனோடு அதுவே. ஒட்டின் ஓரத்தைச் சுற்றி வட்டமாக விழுவதன் கணக்கு இதுதான். ஒட்டே போடாத அடுத்த அறையில் பழைய பலிகடா இன்னும் வேலையில் இருக்கிறது. வெறும் காரமிழப்பு மட்டும் உள்ள வீடுகளில் இந்த வட்டம் இவ்வளவு கூர்மையாக வராது. உப்பு ஏறிய வீடுகளில்தான் அதிகம்.

பலிகடாவை நாமே நியமிக்கலாம் என்பது பழைய யோசனை. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் வேய்ந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க, அதோடு துத்தநாகமும் இரும்பும் சேர்த்துப் பொருத்திக் காட்டினார். அரிப்பு நின்றது. ஆனால் கரையும் செம்பின் விஷம் இல்லாமல் போனதால் சிப்பியும் பாசியும் அடியில் ஒட்டிக் கப்பல் வேகம் குறைந்தது! கான்கிரீட்டுக்குள் சிப்பி வராது. அதனால் கைக்குள் அடங்கும் துத்தநாக வில்லைகள், தனிக் காரையில் பொதிந்தவை, இன்று விற்பனைக்கு வருகின்றன. ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டிவிட்டால் இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

கம்பித் துருவைப் பல்லாண்டாக ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் கடல் காற்றுக்குக் கம்பிகளைக் காட்டிச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. துரு ஆராய்ச்சிக்குப் பலன் தெரியப் பத்து இருபது வருடம் ஆகும், மூன்று வருடத் திட்டத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது. அங்கே கண்டறிந்ததைக் கொத்தனார்களிடம் தமிழில் கொண்டுபோக ஒரு சின்ன நிதி ஒதுக்கினால், புதிய கட்டிடம் ஒன்று திறப்பதைவிட அதிக வீடுகள் பிழைக்கும் என்பது என் கருத்து.

இனி வேலை. முதலில் ஜாக்கி முட்டுக் கொடுத்துத் தளத்தைத் தாங்குங்கள். சாக்பீஸ் எல்லைக்கு வெளியே, கம்பியில் படாதபடி ஆழம் பார்த்து, கட்டிங் மெஷினால் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் நேர்க்கோடாக வெட்டுங்கள். ஓரத்தை மெலிதாக இழைத்துவிட்ட ஒட்டு அந்த ஓரத்திலிருந்தே உரியும். பிறகு உடைப்பதில்தான் பெரும்பாலோர் ஏமாற்றுகிறார்கள்: கம்பியின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது, கம்பிக்கு மேலேயும் விரல் நுழையும்படி 20 முதல் 25 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கம்பியின் பாதி புதுக் காரத்திலும் பாதி பழைய உப்பிலும் கிடக்கும். நீளவாக்கில், துரு முடிந்து பளபளப்பான இரும்பு வரும்வரை போய், அதற்கு மேலும் இரண்டு அங்குலம் போங்கள்.

கம்பி பிரஷ் அல்லது மணல்வீச்சால் துருவை உரித்துவிட்டு விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகியிருந்தால் கண்ணுக்குச் சின்ன இழப்பு, குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போயிற்று. அந்த அளவில் புதுக் கம்பி இணைக்க வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவர் செம்பு சல்பேட் மின்வாய் வைத்துக் கம்பியின் மின்னழுத்தம் அளந்தால், விழாத இடத்திலும் எங்கே துரு நடக்கிறது என்று தெரியும். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே என்றால் துருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

துத்தநாக வில்லை கட்டுவதாக இருந்தால் இப்போது கட்டி, மல்ட்டிமீட்டரில் வில்லைக் கம்பிக்கும் தளக் கம்பிக்கும் இடையே மின்தடை 1 ஓமுக்கும் குறைவாக இருக்கிறதா பாருங்கள். வில்லைக்கு வில்லை எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். வில்லை வைத்த ஒட்டில் எபாக்சி என்னும் பிசின் கலந்த காரை போடாதீர்கள். அது அயனி நகர விடாது, வில்லை சும்மா கிடக்கும். பழைய கான்கிரீட்டை நனைத்து, மேற்பரப்பு நீர் வடிந்தபின் எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பர் பாலும் சிமென்டும் குழைத்துப் பூசி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே காரையை வைக்க வேண்டும். அந்தப் பால் காய்ந்துவிட்டால் ஒட்டுப்பசையாக இருக்க வேண்டியது பிரித்துவிடும் படலமாகிவிடும். காரையை ஒரே மூச்சில் அப்பாமல், 10 முதல் 15 மில்லிமீட்டர் அடுக்குகளாக ஏற்றுங்கள். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பலகை அடித்து, பொடி ஜல்லியில் இளக்கமாகக் கலந்த மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது நல்லது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அதில் காரம் இல்லை. விழும் கூரையை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதும் வேண்டாம், அடுத்த விரிசல் கண்ணில் படாது.

இத்தனையும் அறைக் கூரைக்கு. பால்கனியும் அகலமான சன்ஷேடும் வேறு சாதி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவற்றில் பாரம் தாங்கும் கம்பி மேல்முகத்தில் இருக்கிறது, அதுவும் கட்டும்போது மிதிபட்டுக் கீழே அமுங்கியிருக்கலாம். அடியில் நின்று எவ்வளவு தட்டினாலும் தெரியாது. மேலே ஏறி, சுவரை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முட்டுக் கொடுக்கும்வரை அதில் யாரும் நிற்க வேண்டாம், பூந்தொட்டிகளையும் இறக்கிவிடுங்கள்.