ஜீன்ஸ் ஓரத்தில் குரோஷே: சுருங்காமல், சாயம் ஏறாமல், பிய்ந்து வராமல்

தைத்த அன்று அழகாகத்தான் இருக்கும். கருநீல ஜீன்ஸின் காலோரத்தில், வெள்ளை நூலில் சிப்பி சிப்பியாகப் போட்ட குரோஷே பார்டர் பளிச்சென்று தெரியும். மூன்றாவது சலவை முடிந்து கொடியில் காயும்போது பார்த்தால் வெள்ளை மங்கி சாம்பல் நீலமாகியிருக்கும், ஓரம் நெளிந்து நிற்கும், மடிப்புத் தையல் குறுக்கிடும் இடத்தில் இரண்டு கண்ணி அறுந்து தொங்கும். பின்னியவர் கையில் குறை சொல்ல முடியாது. டெனிமும் பருத்தி, குரோஷேயும் பருத்தி. ஆனால் நூல் கட்டுண்டிருக்கும் விதம் இரண்டிலும் வேறு. இரண்டும் சேரும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் எல்லாச் சிக்கலும்.

டெனிம் நெய்த துணி. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. ஒவ்வொரு ஊடையும் மூன்று பாவுக்கு அடியில் புகுந்து ஒன்றின் மேல் வருவதால் வெளிப்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் தெரிகிறது. அந்த ஒன்று வரிசைக்கு வரிசை ஒரு நூல் தள்ளிப் போவதால்தான் டெனிமின் மேல் சாய்ந்த வரிகள். ஜீன்ஸ் துணி பெரும்பாலும் சதுர கஜத்துக்கு 10 முதல் 14 அவுன்ஸ். 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம். நூல்கள் நெருக்கமாக, ஏறக்குறைய நேராக ஓடுவதால் நீளத்திலோ குறுக்கிலோ இழுத்தால் கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் கொடுக்கும்.

குரோஷேயில் பாவுமில்லை, ஊடையுமில்லை. ஒரே நூல், ஒரு கொக்கி ஊசி. கண்ணிக்குள் கண்ணியை இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். இழுத்தால் நூல் நீள்வதில்லை, கண்ணியின் உருவம் மாறுகிறது, அவ்வளவே. அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் இணங்கும். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் ‘குரோஷே லேஸ்’ இந்த வகையில்லை. அது இயந்திரப் பின்னல் அல்லது இயந்திர எம்பிராய்டரி. கையால் போடும் குரோஷேயை அப்படியே போட்டுத் தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் கிடையாது. சந்தேகம் வந்தால் கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுங்கள். கைவேலையானால் வந்த வழியே சரசரவென்று பிரியும்.

முதலில் தண்ணீர் கணக்கு

நனைந்த பருத்தி இழை பருக்கும். நீளத்தில் பெரிய மாற்றம் வராது. ஊடை தடித்துவிட்டால் அதை வளைந்து தாண்ட பாவுக்கு முன்பைவிட அதிக நீளம் வேண்டும். அந்தக் கூடுதல் நீளம் துணிக்குள்ளிருந்துதான் வந்தாக வேண்டும், எனவே துணி குறுகுகிறது. தறியில் விறைப்பாக இழுத்து நெய்த இறுக்கமும் தண்ணீர் பட்டதும் தளர்கிறது. இந்தச் சுருக்கத்தை ஆலையிலேயே முடித்து அனுப்பும் சான்ஃபரைசிங் முறை சான்ஃபோர்ட் க்ளூயெட் என்பவரின் பெயரால் வழங்குகிறது. 1930 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. அப்படிப் பதப்படுத்திய டெனிம் அதிகம் போனால் 3 சதவீதம் சுருங்கும். பதப்படுத்தாதது 10 சதவீதம் வரை போகும்.

பாவு இடுப்பிலிருந்து பாதத்தை நோக்கி ஓடுகிறது. கூடுதலாகச் சுருங்குவது அந்தத் திசைதான். காலோரத்தைச் சுற்றி ஓடுவது ஊடை. அதனால் காலோர பார்டரைவிடப் பக்கத் தையல் நெடுக வைக்கும் பார்டரே அதிகம் தொல்லை தரும்: 90 செ.மீ. நீளத்தில் 3 சதவீதம் என்றால் 2.7 செ.மீ. ஸ்ட்ரெச் ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை பெரும்பாலும் ஊடையில் இருப்பதால் அங்கே கதை தலைகீழ். காலோர வளையம் விரியும், கூடவே பார்டரும் விரிந்து கொடுக்க வேண்டும்.

பார்டருக்கு மெர்சரைஸ் செய்த பருத்தி நூலே நல்லது. காஸ்டிக் சோடாவில் பருத்தி நூலைத் தோய்த்தால் இழை பருத்து வலுப்பெறுவதை ஜான் மெர்சர் 1844இல் கண்டார். தோய்க்கும்போது இழுத்துப் பிடித்தால் பளபளப்பும் வரும் என்பதை 1890இல் ஹொரேஸ் லோ காட்டினார். இந்த நூல் சாதாரண நூலைவிடக் குறைவாகச் சுருங்கும். எண் கூடக் கூட நூல் மெலியும்; ஜீன்ஸுக்கு 10ஆம் எண் நூலும் 1.5 மி.மீ. ஊசியும் பொருந்தும். 40ஆம் எண் நூலில் போட்ட மெல்லிய லேஸ் கைக்குட்டைக்கு அழகு, 12 அவுன்ஸ் டெனிமில் நூலாம்படை ஒட்டியது போல இருக்கும்.

அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜீன்ஸ் காலில் நீளவாக்கில் 30 செ.மீ., குறுக்கே 15 செ.மீ. இடைவெளியில் வேறு நிற நூலால் அடையாளத் தையல் போடுங்கள். அதே பார்டர் டிசைனில் 10 செ.மீ. துண்டு ஒன்று பின்னிக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இரண்டு முறை துவைத்துக் காயவைத்து அளங்கள். 10 செ.மீ. 9.5 ஆகியிருந்தால் 5 சதவீதம், 40 செ.மீ. சுற்றளவுள்ள காலோரத்தில் 2 செ.மீ. போதாமல் போகும், ஓரம் சுருக்குப்பை போல இழுத்துக்கொள்ளும். டெனிம் அதிகம் சுருங்கினால் பார்டர் அலை அலையாகத் தொங்கும். துவைத்த டெனிமில், நனைத்துக் காய்ந்த பார்டரை வையுங்கள். இதற்குக் குறுக்குவழி இல்லை.

பார்டரை நனைத்து, துண்டின் மேல் பரப்பி, ஒவ்வொரு சிப்பியையும் துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி நிறுத்திக் காயவைத்தால் வடிவம் நிற்கும். செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போகின்றன, காயும்போது புதிய நிலையில் மறுபடி பற்றிக்கொள்கின்றன. அடுத்த தடவை நனைந்தால் இதுவும் அவிழும் என்பதால் நீண்ட நாள் நிற்க வேண்டிய வடிவத்தைப் பின்னலிலேயே கொண்டுவர வேண்டும்.

நீலம் ஏன் ஒட்டுகிறது

அவுரியிலிருந்து எடுத்த நீலமானாலும், 1897 முதல் தொழிற்சாலையில் வரும் செயற்கை இண்டிகோவானாலும் தண்ணீரில் கரையாது. வேதிமுறையில் ஒடுக்கி மஞ்சள் பச்சைக் கரைசலாக்கி, அதில் நூலை முக்கி, வெளியே எடுத்துக் காற்றாட விடுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அது நீலமாகி இழையில் படிகிறது. டெனிம் நூலில் இது மேல்தோல் வரை மட்டுமே; நடுவில் நூல் வெள்ளையாகவே இருக்கும். இழையோடு வேதிப் பிணைப்பு ஏதும் இல்லாததால் தேய்த்தால் துகளாக உதிர்கிறது, தண்ணீரில் மிதந்து பக்கத்து வெள்ளை நூலில் உட்காருகிறது.

உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும், வினிகர் விட்டால் நிற்கும் என்பதெல்லாம் இண்டிகோவிடம் எடுபடாது. உப்பு உதவுவது கரையும் வகைச் சாயங்களுக்கு. இங்கே உதிர வேண்டிய துகளை உதிரவிடுவதே வழி. ஈரமான வெள்ளைத் துணியால் டெனிமை அழுத்திப் பத்து முறை தேயுங்கள். துணி நீலமானால் ஜீன்ஸைப் புரட்டிப்போட்டு, தனியாக, நிறைய தண்ணீரில் துவைத்து மறுபடி தேய்த்துப் பாருங்கள். இலேசான நிழல் மட்டும் விழும்வரை வெள்ளை நூலை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பொறுமை இல்லையென்றால் பழுப்பு, கடுகு மஞ்சள், செங்கல் நிற நூல் எடுங்கள். அதில் கொஞ்சம் நீலம் ஏறினால் யாருக்கும் தெரியாது.

ஏறிவிட்ட நீலத்தை எடுக்கக் குளோரின் ப்ளீச்சைத் தொடாதீர்கள். அது இண்டிகோ மூலக்கூறையே உடைப்பது. ஜீன்ஸ் வெளுக்க ஆலைகளில் பயன்படுவதும் அதுதான். பார்டருக்கு விட்ட துளி டெனிமில் பட்டால் வெள்ளைப் புள்ளி நிரந்தரம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஆக்சிஜன் வகை ப்ளீச்சும் போதும்.

கொக்கி மாட்ட ஒரு ஏணி

டெனிமின் மடித்த ஓரம் மூன்று அடுக்கு. குரோஷே ஊசியால் அதைக் குத்தப் போனால் ஊசி வளையும், கொக்கியில் நீல நூல் சிக்கிக்கொண்டு வரும். முதலில் ஓரம் நெடுக பிளாங்கெட் தையல் போட்டுக்கொண்டு, விளிம்பில் ஏணிப்படி போல நிற்கும் அந்த நூலில் குரோஷேயை ஆரம்பிப்பதே சரி.

தையலுக்கு ஜீன்ஸ் மேல்தையலுக்கான தடித்த பாலியெஸ்டர் நூல். ஊசி ஓரத்திலிருந்து 7 மி.மீ. உள்ளே குத்தட்டும், தையலுக்குத் தையல் 6 மி.மீ. ஒரு சென்டிமீட்டருக்குப் பதினாறு, பதினேழு ஊடை இருக்கும் டெனிமில், 7 மி.மீ. ஆழத்தில் குத்தினால் ஒவ்வொரு அடுக்கிலும் பதினோரு ஊடை அந்தத் தையலைத் தாங்கும், 3 மி.மீ. என்றால் ஐந்துதான். வெட்டி விட்ட பிசிறு ஓரத்தில் நேரடியாகப் போட்டால் அந்த ஐந்தும் பார்டரோடு சேர்ந்து வழுக்கிக் கீழே வந்துவிடும், காரணம் அவற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்த எதுவுமில்லை. பிசிறு வேண்டுமென்பவர்கள் ஓரத்துக்கு 1 செ.மீ. மேலே 2 மி.மீ. தையலில் மெஷின் ஓட்டிவிட்டு, பார்டரை அந்தக் கோட்டுக்கு மேலே தைப்பது மேல்.

ஊசி இறங்காத இடத்தில் குத்தூசி எடுங்கள். அது நூல்களை ஒதுக்கி வழி செய்யும். பிறகு நூல்கள் நெருங்கி வந்து தையலைக் கவ்விக்கொள்ளும். பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பஞ்ச் நூலை வெட்டிவிடுவதால் அந்த ஓட்டை சலவைக்குச் சலவை பெரிதாகும். மிகவும் முரண்டு பிடிப்பது காலின் மடிப்புத் தையல். அது நான்கு அடுக்கு. காலோரத்தில் மூன்றாக மடியும்போது பன்னிரண்டு. அந்த இடத்தை ஒரு துணி போர்த்திச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஊசிக்கு மெழுகு தடவிக் குத்துங்கள். மெஷினில் தைத்தால் அங்கே துணியை அழுத்தும் பாதம் மேடேறி சாய்ந்துவிடும், தையல் குறுகும், ஊசி விலகித் தகட்டில் மோதி உடையும். பாதத்தின் பின்பக்கம் மடித்த டெனிம் துண்டு ஒன்றை அதே உயரத்துக்கு வைத்து மட்டமாக்கினால் தாண்டிவிடலாம்.

இனி எண்ணிக்கை. குரோஷே கண்ணி வகைகளின் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம்: பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் என்பது அமெரிக்க வீடியோவில் சிங்கிள். இங்கே சொல்வது அமெரிக்க வழக்கு. காலோரச் சுற்றளவு 40 செ.மீ. என்றால் 6 மி.மீ. இடைவெளியில் 66 தையல். ஒவ்வொன்றிலும் இரண்டு சிங்கிள், மொத்தம் 132. ஒரு சிங்கிள், இரண்டு விட்டு மூன்றாவதில் ஐந்து டபுள், மறுபடி இரண்டு விடுவது என்ற சிப்பி டிசைனுக்கு ஆறு ஆறாக வேண்டும். 132க்கு 22 சிப்பி சரியாக அமையும். சுற்றளவு வேறானால் தையல் எண்ணிக்கை மூன்றால் வகுபட வேண்டும். இடைவெளியை அரை மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், கடைசிச் சிப்பியை அமுக்கித் திணித்தால் பார்த்ததுமே தெரியும். பிளாங்கெட் தையலுக்கு ஒரு காலுக்கு ஒன்றரை மீட்டர் நூல் ஆகும். ஒரே நீளமாக எடுக்காமல் 60, 70 செ.மீ. துண்டுகளாகக் கோத்துக்கொள்ளுங்கள், டெனிமில் உரசி உரசி நூல் நைந்துபோகும். குரோஷே நூல் எவ்வளவு என்றறிய ஒரு சிப்பியைப் பின்னிப் பிரித்து அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட் மூடியின் கூர்மூலையில் ஒரே தையலில் மூன்று சிங்கிள் போட்டால்தான் பார்டர் திரும்பும். வளைந்த காலருக்கு ஒரு சின்னக் கணக்கு: கால் வட்டம் (90 டிகிரி) திரும்பும் இடத்தில் பார்டரின் வெளிவிளிம்பு, உள்விளிம்பைவிட அகலத்தின் 1.57 மடங்கு நீளமாக வேண்டும். 3 செ.மீ. அகலத்துக்கு 4.7 செ.மீ. குறைந்தால் மூலை கிண்ணம் போலக் குழியும், கூடினால் கோழிக்கொண்டை போலச் சுருளும். வரிசைக்கு வரிசை கண்ணியைப் பெருக்கிக்கொண்டே போனால் வருவது மிகைவளையத் தளம் (hyperbolic plane), எங்கும் நெளிந்து விரியும் பரப்பு. கணிதத்தில் அதைக் கையில் பிடித்துக் காட்டுவதே கடினமாக இருந்தது; 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணித அறிஞர் டைனா டைமினா குரோஷேயில் பின்னிக் காட்டினார். காலர் நெளிகிறதென்றால் நீங்களும் அதைத்தான் பின்னியிருக்கிறீர்கள்.

தனியாகப் பின்னிய பார்டரை மெஷினில் தைப்பவர்கள், ஆரம்பச் சங்கிலியை ஒரு அளவு பெரிய ஊசியால் போட வேண்டும்; சங்கிலி இறுகினால் பார்டர் வில்லாக வளையும். மெஷினின் பல் அடித்துணியை இழுக்கிறது, பாதம் மேலிருக்கும் பார்டரைத் தள்ளுகிறது. தைத்து முடிக்கும்போது பார்டர் மிஞ்சி நிற்பது அதனால்தான். ஓரத்தையும் பார்டரையும் நான்கு சமபாகமாகக் குறித்துக் குண்டூசி குத்திவிட்டால் பிழை கால் பாகத்துக்குள் அடங்கும். மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்தால் பாதத்தில் கண்ணி மாட்டாது, பிறகு கிழித்துவிடலாம்.

துவைப்பது உட்புறம் வெளியே வர, தலையணை உறையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில். ஊறவைப்பதும், ஈரத்தோடு மடித்துப் போட்டு வைப்பதும் கூடாது. துகள் இடம் மாற அவகாசம் கிடைப்பது அப்போதுதான். இஸ்திரி பின்புறமிருந்து, துண்டின் மேல் வைத்து.

ஜீன்ஸ் நைந்துபோனாலோ, பிள்ளை வளர்ந்து கால் ஏறிவிட்டாலோ, பார்டரைக் காப்பாற்றுவது எளிது. பிளாங்கெட் தையலின் பாலியெஸ்டர் நூலை மட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினால், ஒரு கண்ணிகூடப் பிரியாமல் பார்டர் முழு வளையமாகக் கழன்று வரும். அடுத்த ஜீன்ஸில் 66 தையல் போட்டு, பழைய முதல் வரிசையை அதோடு ஊசியால் கோத்துக் கட்டிவிடலாம்.