முயலை எழுப்பிய ஊசி: ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

1957இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சில முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். முயல்கள் காது தொங்கி, கிடத்திய இடத்திலேயே அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற வேதிப்பொருளை ஊசி மூலம் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் அவை எழுந்து நடமாடத் தொடங்கின. அந்த ஆய்வை நடத்திய அர்விட் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ரெசர்பின் நம் மண்ணோடு தொடர்புள்ள பொருள். சர்ப்பகந்தா என்ற மூலிகைச் செடியின் வேரிலிருந்து வருவது. அந்த வேர் இரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று 1931இலேயே கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. மூளையின் சில வேதிச் சேமிப்புகளை அது காலி செய்துவிடுகிறது. அவற்றில் ஒன்று டோபமைன். எல்-டோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. அதுவரை வேறொரு பொருளைத் தயாரிக்கும் வழியில் வந்துபோகும் இடைச்சரக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த டோபமைன், தனக்கென்று வேலையுள்ள ஒன்று என்பது இதற்குப் பிறகுதான் தெளிவானது.

இன்று டோபமைனை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று சொல்லாத யூடியூப் வீடியோ குறைவு. அந்தப் பெயர் தவறு. அதை நம்பி நம்மை நாமே தவறாகப் புரிந்துகொள்கிறோம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் 1980களின் இறுதியில் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார். எலிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. பக்கத்தில் உணவு இருந்தும் தொடவில்லை, ஊட்டிவிட்டால்தான் உயிர் தங்கியது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டபோது, நல்ல எலிகளைப் போலவே ருசித்து நக்கின. ருசி அப்படியே இருந்தது. அதைத் தேடிப் போகும் உந்துதல்தான் போய்விட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சலமோன் செய்த சோதனை. ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு பாதை. ஒரு கிளையில் 4 உணவு உருண்டைகள், இன்னொன்றில் 2. நாலு இருக்கும் பக்கம் உயரமான கம்பித் தடுப்பு ஒன்றை ஏறித் தாண்ட வேண்டும். நல்ல எலிகள் பெரும்பாலும் தடுப்பை ஏறிவிடுகின்றன. நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற மூளைப் பகுதியில் டோபமைன் குறைந்துவிட்ட எலிகளோ, ரெண்டு உருண்டை போதும் என்று சுலபமான பக்கம் திரும்புகின்றன. தடுப்பை எடுத்துவிட்டால் அவையும் நாலைத் தேடித்தான் போகின்றன. ஆக, நாலு பெரிது என்று அவற்றுக்குத் தெரியும், பசியும் இருக்கிறது, நடக்கவும் முடிகிறது. அந்த நாலுக்காக எவ்வளவு பாடுபடலாம் என்ற கணக்குதான் மாறிவிட்டது.

நாம் ஊக்கம் என்று சொல்வது பெருமளவுக்கு இந்தக் கணக்குதான். மன அழுத்த நோயில் இருப்பவர் குளிக்கக்கூட எழுந்திருக்காமல் கிடக்கும்போது, “சோம்பேறி, மனசு வைத்தால் முடியாதா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். உந்துதல் வற்றிப்போவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. வாரக்கணக்கில் அப்படி இருப்பவருக்கு வேண்டியது மருத்துவர், அறிவுரை அல்ல.

நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடமும் இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஆய்வில் 25 பேருக்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள்: ஆள்காட்டி விரலால் கொஞ்சம் பொத்தான் அழுத்திச் சிறு தொகை பெறலாம், அல்லது பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் நூறு தடவை அழுத்திப் பெரிய தொகைக்கு முயலலாம். டோபமைன் சுரப்பைத் தூண்டும் மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, கடினமான வழியை அதிகம் தேர்ந்தவர்களுக்கு மூளையின் ஸ்ட்ரயேட்டம், நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி ஆகிய இடங்களில் டோபமைன் வலுவாகத் துலங்கியது. இன்சுலா என்ற பகுதியில் வலுவாகத் துலங்கியவர்களோ உழைக்கத் தயங்கினார்கள். டோபமைனை ‘கூட்டினால்’ போதும் என்று விற்கப்படும் யோசனைகள் எனக்கு ஒப்பாததற்கு இதுவே காரணம். எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் சேர்ந்துதான் விளைவு.

அந்தக் கணக்கில் உழைப்பின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அதுதான். மேசை மேல் கிடக்கும் போன், தடுப்பில்லாத அந்த ரெண்டு உருண்டைக் கிளை. அதை அடுத்த அறையில் வைத்தால் அதற்கும் ஒரு தடுப்பு முளைத்துவிடுகிறது. செய்ய வேண்டிய வேலையின் தடுப்பையும் இதேபோல் தாழ்த்தலாம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவைப் பற்றி ஓர் அறிக்கையை 2 நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சொன்ன நேரத்துக்குள் எழுதினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். இரு தரப்புக்கும் வேலை ஒன்றே. குறித்து வைத்தவருக்கு “இப்போது ஆரம்பிக்கலாமா?” என்று அந்த நேரத்தில் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் இந்தக் கணக்கு நமக்கு எதிராகச் சாய்கிறது. பாரிஸில் 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாள் முழுக்கக் கடினமான மூளை வேலை செய்தவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. அவர்கள் குறைந்த உழைப்பில் உடனே கிடைக்கும் பலனையே நாடினார்கள். படிப்போ எழுத்தோ, தள்ளிப்போகும் வேலையை ராத்திரிக்கு வைக்காமல் விடியற்காலைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்பேன்.

புதிய யோசனை தேவைப்படும் வேலை என்றால் இன்னொரு வழி உண்டு: நடப்பது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வில், ஒரு சாதாரணப் பொருளை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது பெரும்பாலோருக்கு அதிக யோசனைகள் வந்தன. இயற்கைக் காட்சிகூடத் தேவைப்படவில்லை. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தபோதும் பலன் தெரிந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையுள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை, சற்றுத் தடுமாறவே வைத்தது. கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்கும்போது மொட்டை மாடியில் நடக்கலாம், அதன் பிழைகளைத் திருத்த நாற்காலிக்கு வந்துவிட வேண்டும்.