மெகாஹெர்ட்ஸைப் பெருக்கும் முன் ஏலம் கேட்பவர்களை எண்ணுங்கள்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் கைப்பேசியை நீட்டினார். "இந்தியாவில் 96,000 கோடி ரூபாய் அலைக்கற்றையை ஏலம் விட்டு 11,340 கோடிதான் வந்திருக்கிறது. மீதி யார் பைக்குப் போனது?" 2024 ஏலத்தைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி. அலைக்கற்றை என்பது கைப்பேசிச் சேவைக்கான ரேடியோ அலைவரிசை; அதன் அளவை மெகாஹெர்ட்ஸில் சொல்வார்கள். இந்த மாதத்தில் இதே கேள்வி எனக்கு நான்காவது முறை. இத்தகைய ஏலங்களில் அரசுக்கு எவ்வளவு வரும் என்று கணிப்பதுதான் பல வருடமாக என் வேலை. ஒரு தடவை எழுதியே விடுகிறேன்.

யார் பைக்கும் போகவில்லை. பெரும்பகுதியை எவரும் கேட்கவே இல்லை. விற்காத அலைக்கற்றை அரசிடமே இருக்கிறது. 96,000 கோடி என்பது, ஏலத்துக்கு வைத்த அளவை அரசே குறித்த ஆரம்ப விலையால் பெருக்கி வந்த தொகை. அது வருமானக் கணிப்பே அல்ல. 2016-இல் இதே பெருக்கல் 5.63 லட்சம் கோடி என்றது. கிடைத்தது சுமார் 65,789 கோடி. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒருவரும் தொடவில்லை.

நாம் இதில் சுலபமாக ஏமாறுவதற்கு சிஓஇ (இங்கே வாகனம் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாதம் இரண்டு ஏலம், எப்போதும் கூட்டம். விலையை எண்ணிக்கையால் பெருக்கினால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் கேட்பவர்கள் குறைந்த 2008 நவம்பரில் சிறிய காருக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு முடிந்ததே! அலைக்கற்றை ஏலம் சில வருடங்களுக்கு ஒரு முறைதான் வரும், கேட்பவர்களும் இரண்டு மூன்று பேர்தான்.

நம் ஊரையே பாருங்கள். 2001-இல் 3ஜி உரிமங்கள் நான்கு, கேட்டவர்கள் மூவர். ஏலமே நடக்கவில்லை, தலைக்கு 100 மில்லியன் வெள்ளி என்ற அடிப்படை விலைக்கே கொடுத்தார்கள். 2016-இல் புதிய நிறுவனத்துக்கென ஒதுக்கிய 60 மெகாஹெர்ட்ஸுக்கு இருவர் மோதினார்கள். 35 மில்லியனில் தொடங்கி 105 மில்லியனில் ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டிபிஜி வென்றது. ஒரு பொருள், இரண்டு பேர், மூன்று மடங்கு. என் தாளில் முதல் வரி எப்போதும் ஏலம் கேட்பவர்களின் எண்ணிக்கைதான், மெகாஹெர்ட்ஸ் அப்புறம்.

பக்கத்து நாட்டு விலையைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். 2000-இல் பிரிட்டன் 22.5 பில்லியன் பவுண்டு அள்ளியது. அதே வருடம் சுவிட்சர்லாந்தில் நான்கு உரிமத்துக்கு நால்வரே மிஞ்சினார்கள். மொத்தம் 205 மில்லியன் பிராங்க். அனுபவசாலிகளும் தவறுகிறார்கள்: 2013 ஏலத்துக்கு பிரிட்டன் தன் நிதிநிலைக் கணக்கில் 3.5 பில்லியன் பவுண்டு எழுதிவைத்தது, வந்தது 2.3 பில்லியன்.

'மதிப்பு' என்று பார்த்தால் அது ஆரம்ப விலையா, கேட்ட விலையா, கைக்கு வந்த பணமா என்று கேளுங்கள். இந்தியாவின் 2022 ஏலத்தில் கேட்ட 1.5 லட்சம் கோடியை 20 வருடத் தவணையில் கட்டலாம்; அந்த வருட வரவில் முழுவதும் ஏறாது. தொலைத்தொடர்புப் பங்கு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள் என்ற விவரம் இல்லாத செய்தியைத் தயவுசெய்து குடும்பக் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.